எங்கள் சந்தின் பந்த் வீடு

புனேயில், வானவடிப் பக்கம் புதிதாக எழும்பிய உயரமான கட்டடங்களுக்குப் பின்னால், ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் சந்து. பாதிப் பேர் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள், மீதிப் பேர் மராத்திக்காரர்கள். பெண்கள் எல்லோரும் அந்தக் கட்டடங்களில்தான் பாத்திரம் தேய்க்கிறோம், வீடு துடைக்கிறோம், சமைக்கிறோம். நான் சமையல். இந்த வயதிலும் இரண்டு வீடுகள் வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் என் சாம்பாருக்காகவே வாடகை ஏறினாலும் வீடு மாற்றாமல் இருக்கிறார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை, நடப்பு அதுதான்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வேலைக்காரியை நியாயமில்லாமல் நிறுத்தினால் அந்த வீட்டுக்கு வேறு எவளும் போகக் கூடாது. அவளைத் திரும்பக் கூப்பிடும் வரை, அல்லது அவளே போதும் விடுங்கள் என்று சொல்லும் வரை, அது பந்த் வீடு. எழுதி ஒட்டுவதெல்லாம் இல்லை. காலையில் குழாயடியில் ஒருத்தி வீட்டு நம்பரைச் சொன்னால் போதும்.

இதை ஆரம்பித்தவள் நான். பிள்ளை பெறப் போனவளை ஒரு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்கு நல்ல வயது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த வீட்டுப் படியை மிதிப்பவள் இந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றேன். ஒருத்தியும் மிதிக்கவில்லை. வீட்டுக்கார அம்மா தானே பாத்திரம் தேய்த்துக் கை வெடித்துப் போய்க் கூப்பிட்டு அனுப்பினாள். பிறகு சிவப்புத் துண்டு போட்ட தொழிற்சங்கக்காரர் ஒருவர் எங்கள் சந்துக்கு வந்து, இதற்குப் பெயர் ஒற்றுமை, உழைக்கிறவர்களின் ஆயுதம் என்று மராத்தியில் நீளமாகப் பேசினார். நல்ல மனிதர். பெயர் அவர் வைத்தது, வேலை நான் செய்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் தகராறு என்றாலும் பெண்கள் என் வாயைத்தான் பார்ப்பார்கள். கேட்டில் நின்று பேசப் போவதும் நான்தான்.

இப்போது ஃபோனை அழுத்தினால் பத்து நிமிடத்தில் வேலைக்காரி வருகிறாள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், கையில் ஒரு பை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் ஃபோனைக் காட்டுகிறாள். எங்கள் காலத்து முதலாளிக்கு ஒரு முகமாவது இருந்தது, திட்டுவதற்கு.

என் கூட்டாளி, கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து என் பக்கத்து வீட்டுக்காரி, முட்டி வீங்கிப் படுத்துவிட்டாள். எழுந்து வேலைக்குப் போனால் கதவைப் பாதி திறந்து, நீ ஓய்வெடும்மா, எங்களுக்கு ஃபோனில் ஆள் கிடைக்கிறது என்றார்களாம். மறுநாள் காலையில் குழாயடியில் நான் நம்பரைச் சொன்னேன். அன்றைக்கே அந்தப் பந்த் வீட்டுக்குள் டி-ஷர்ட் போட்ட ஒருத்தி போய்த் துடைத்துவிட்டு வந்தாள். அவள் வேறு எங்கிருந்தோ வந்தவளாக இருந்தால் பரவாயில்லை. எங்கள் சந்தின் கடைசி வீட்டு மருமகள். தமிழ்ப் பெண்தான், ஆனால் புனேயிலேயே பிறந்தவள். தமிழ் பேசினால் கல்லில் நடப்பது மாதிரி இருக்கும். என்னை அத்தை என்றுகூடச் சொல்ல மாட்டாள், மராத்திக்காரிகள் மாதிரி மாவ்ஷி என்பாள்.

குழாயடியில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டேன்.

"எந்த வீட்டுக்குள்ள போயிட்டு வர்றேன்னு தெரியுமாடி உனக்கு?"

"மாவ்ஷி, ஃபோன்ல நம்பர் மட்டும்தான் வரும். யார் வீடு, என்ன ஜக்டா, என்ன சண்டை, ஒண்ணும் வராது. மாட்டேன்னு சொன்னா என் ஐடி லாக் ஆயிடும். அப்புறம் வேலையே வராது."

"ஃபோன் சொன்னா கெணத்துல குதிப்பியா?"

"இங்க கெணறு எங்க மாவ்ஷி இருக்கு? காட்டுங்க, குதிக்கிறேன். தண்ணியாவது கிடைக்கும்."

குடங்களை வைத்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். என் கூட்டாளியும் சிரித்தாள், வீங்கிய முட்டியைப் பிடித்துக்கொண்டு. நான் பேசினால் பெண்கள் தலையாட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் சிரித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வீட்டு மருமகள் ஒரு வேலை செய்தாள். வேறு வேறு சந்துகளிலிருந்து டி-ஷர்ட் பெண்களைக் கூட்டி வந்து பழைய இரும்புக் கடைக்குப் பக்கத்துத் திடலில் உட்கார வைத்தாள். எங்களையும் கூப்பிட்டாள். இரண்டு கூட்டமாக உட்கார விடாமல், புடவைக்குப் பக்கத்தில் டி-ஷர்ட், டி-ஷர்ட்டுக்குப் பக்கத்தில் புடவை என்று மாற்றி மாற்றி உட்கார்த்தினாள். எனக்கு அது தோன்றியதே இல்லை. தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து பேசினாள். "இவங்களுக்கு மேல மேடம் இருக்கு. எங்களுக்கு மேல ஃபோன் இருக்கு. மேடமும் ஃபோனும் தினம் பேசிக்கறாங்க. நாம ரெண்டு பேரும்தான் பேசறது இல்ல." பிறகு, "வேலை முடிஞ்சதும் எனக்கு ஸ்டார் போடுவாங்க. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் நட்சத்திரம் பார்க்கல. கக்கூஸ் கழுவ பார்க்கறாங்க" என்றாள். மறுபடியும் சிரிப்பு. மராத்திக்காரப் பெண்களுக்கு அதை மராத்தியில் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள்.

அவள் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. நம்மை ஒருத்தியோடு ஒருத்தி மோத விட்டுத்தான் மேலே இருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னபோது நியாயமாக இருந்தது. அவள் சொன்னபோது பெண்களுக்குப் பிடித்திருந்தது. என் கூட்டாளி மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். முட்டிக்கு அங்கேதான் வசதியாம்.

மறுநாள் நானே தனியாக, அந்தப் பந்த் வீடு இருக்கும் கட்டடத்தின் செக்ரட்டரியிடம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் சமைக்கிற கட்டடமும் அதுதான்; வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், ஆபீசுக்குள் விட்டான். செக்ரட்டரி பதவிசான ஆள், நாற்காலி போடச் சொன்னார்.

"அம்மா, நீங்க பழைய ஆள். உங்களோட பேசலாம். அந்த ஃபோன்காரிங்ககிட்ட யார் பேசறது?" என்றார்.

அந்த வார்த்தை என் காதுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று மறைத்து எழுத மாட்டேன். என் கூட்டாளியைத் திரும்ப எடுக்க வேண்டும், டி-ஷர்ட்காரிகளைக் கேட்டுக்குள் விடக் கூடாது என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. சரி என்றார். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டீ வந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் சேதியைச் சொன்னேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். கடைசி வீட்டு மருமகளும் குடத்தோடு நின்றிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் சந்தோஷப்படவும் இல்லை.

என் கூட்டாளிதான் கேட்டாள். "அக்கா, அப்ப அவ?"

"அவளுக்கென்ன, புனே பூரா கெடக்குது."

"அவள நிறுத்துனது நியாயமாக்கா?"

"நியாயமோ இல்லியோ, உனக்கு வேல வந்துடுச்சில்ல?"

"நியாயமில்லன்னா அந்த வீடு பந்த்துதான? நீதான சொல்லுவ."

"அவ எந்த வீட்டுலருந்து நின்னா? வீடு வீடாப் போறவளுக்கு எந்த வீடுடி பந்த்?"

கூட்டாளி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எல்லா வீடும் பந்த்துக்கா" என்றாள்.

யாரோ அதை மராத்தியில் சொன்னார்கள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, ஒருத்தியும் குடத்தை வைக்கவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக எல்லா வீடும் பந்த், எல்லா வீடும் பந்த் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். என் வழக்கத்தை என் கண் முன்னாலேயே எடுத்து விரித்து, நான் ஒருநாளும் விரிக்காத அளவுக்கு விரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் ஒருத்தியும் போகவில்லை. நானும் போகவில்லை. போனால் நான் சொன்ன வழக்கத்தை நானே மிதித்தவளாவேன். அப்படிச் சொல்ல எவளுக்கும் இடம் கொடுக்க எனக்கு மனசில்லை. கேட்டுக்கு எதிரில் வேப்ப மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். டி-ஷர்ட் பெண்கள் தங்கள் ஃபோன்களை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் பிள்ளைகளில் ஒருவன் ஆபீஸ் வண்டிக்கு ஓடும்போது என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, இன்னிக்கு சாம்பார்?" என்று கேட்டான். "இன்னிக்கு பிரெட்டு" என்றேன்.

வெயில் ஏறியதும் செக்ரட்டரி இறங்கி வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார். "அம்மா, நாம பேசி முடிச்சோமே?" என்றார். எல்லோர் கண்ணும் என் மேல். எழுந்து பேசலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன பேசுவது? உள்ளே விடாதே என்று கேட்டவளே நான்தான். வாயை மூடிக்கொண்டேன். பெண்கள் கடைசி வீட்டு மருமகளை முன்னால் தள்ளினார்கள்.

அவள் பயந்துதான் பேசினாள். ஆனால் விடவில்லை. முட்டிக்காரி திரும்ப வேலைக்குப் போக வேண்டும், டி-ஷர்ட் பெண்களைக் கேட்டில் தடுக்கக் கூடாது, பந்த் என்று சொன்ன வீட்டுக்கு அவர்களும் போக மாட்டார்கள், போகாததற்காக யாரும் ஃபோனில் அவர்கள் மேல் புகார் எழுதக் கூடாது. செக்ரட்டரி கடுப்பாகி, "இதெல்லாம் யார் போட்ட சட்டம்?" என்று கேட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மடித்த காலைக்கூட நீட்டி வைத்துக்கொண்டேன், எழுவதற்குத் தோதாக.

"யாரும் போடல சார். எல்லாரும் சேர்ந்துதான். எப்பவும் இருக்கு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் கட்டடத்துக்காரர்கள் இறங்கி வந்தார்கள். முழுக்க இல்லை, புகார் விஷயத்தில் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். கூட்டாளிக்கு வீடு கிடைத்தது. ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. உழைக்கிறவளுக்கு உழைக்கிறவள்தான் துணை என்பதில் நான் அன்றைக்கும் இன்றைக்கும் மாறியதில்லை. சொத்து எல்லாம் பொதுவாக இருக்க வேண்டும் என்று சிவப்புத் துண்டுக்காரர் சொன்னபோது முதலில் கை தட்டியவளும் நான்தான். ஆனால் எல்லாரும் சேர்ந்துதான் என்று அவள் சொன்னாளே, அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

போன மாதம், ஊருக்கு வெளியே கடக்வாஸ்லாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் டி-ஷர்ட் போட்ட ஒரு மராத்திக்காரப் பெண். முன்பின் பார்த்ததில்லை. பேச்சு வேலையைப் பற்றி வந்தது. மாவ்ஷி, எங்கள் பக்கம் பந்த் வீடு என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கே விளக்க ஆரம்பித்தாள். முழுக்கச் சரியாகத்தான் சொன்னாள். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

"அத ஆரம்பிச்சதே நான்தாம்மா" என்று மராத்தியில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "எங்க சந்துல ஒரு கிழவி இருக்காங்க மாவ்ஷி. அவங்களும் இதையேதான் சொல்றாங்க."

நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. கண்டக்டர் மணி அடித்தான். நான் எழவில்லை.

"எந்தச் சந்து? அவ வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.