அட்டை இல்லாத பாலைவனம்

தடித்த அட்டையைப் புத்தகத்தின் முதுகிலிருந்து பிய்க்கும்போது வரும் "சர்ரக்" என்ற சத்தமும், கூடவே கிளம்பும் பழைய பசையின் புளித்த வாடையும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் சாலையில் என் அத்தா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். அணுமின் நிலைய "டவுன்ஷிப்"பில் குடியிருந்த குடும்பங்கள் மாற்றலாகிப் போகும்போது, லாரியில் இடமில்லாத புத்தகங்களை எங்களிடம் போட்டுவிட்டுப் போவார்கள். அட்டை தனி மூட்டை, தாள் தனி மூட்டை என்பது எங்கள் தொழிலின் சட்டம். அத்தா உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக உரித்துப் போடுவார். அட்டையோடு புத்தகத்தின் பெயர் போகும், எழுதியவர் பெயர் போகும், பசை பிடித்த கடைசித் தாள்கள் ஒன்றிரண்டும் போய்விடும்.

அப்படித் தோலுரித்த புத்தகங்களைத்தான் நானும் அக்கா மும்தாஜும் படித்து வளர்ந்தோம். அதிலும் எங்களுக்கு ருசித்தவை பயணக் கதைகள்தான். திருப்போரூரைத் தாண்டியிராத இரண்டு பெண்கள், மூட்டைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, பனிமலை ஏறுகிறவர்களோடு நடுங்கி, கப்பலில் போகிறவர்களோடு பசி கிடந்தோம். "படிச்ச புக்கும் அதே வெய்ட்டு, படிக்காத புக்கும் அதே வெய்ட்டு, படிங்க" என்பார் அத்தா. சனிக்கிழமை செங்கல்பட்டு "கோடவுனு"க்கு லோடு போகும். அதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கரை கண்ணில் பட்டதோடு தாள் தீர்ந்து, அங்கேயே நின்றுபோன மாலுமிகளைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

எனக்குப் பத்து வயதானபோது அந்தப் பாலைவனப் புத்தகம் வந்தது. இரண்டு ஒட்டகங்களோடு தனியாக மணலைக் கடக்கப் புறப்பட்ட ஒருவனின் கதை. அந்த வாரம்தான் அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. "இன்னா ஊருடி அது, மண்ணு மட்டுந்தான் கீதாமே!" என்று அம்மா அரிசி களைந்துகொண்டே அழுதாள். அதற்குப்பின் அதை நான் கதையாகப் படிக்கவில்லை. ஓர் ஒட்டகம் செத்தது, தண்ணீர்ப் பை கிழிந்தது, தூரத்தில் பேரீச்ச மரங்கள் தெரிந்தன. தாள் தீர்ந்துவிட்டது.

"அக்கா, அவன் வூட்டுக்குத் திரும்பினானா?"

"திரும்பிட்டான்டி. அத்தா அட்டையக் கிழிக்கறதுக்கு முன்னாடியே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டேன். கதவத் தட்டறான், அவங்கம்மா வந்து தொறக்கறாங்க."

"சத்தியமா?"

"போடி, உனுக்கு எல்லாத்துக்கும் சத்தியம் வேணும்" என்றாளே தவிர, சத்தியம் செய்யவில்லை.

அந்தப் பக்கத்தை என் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தாவோடு லாரியில் ஏறினேன். கோடவுனில் அட்டை மூட்டையை அவிழ்த்து, செருப்புக் கடையில் அளவு பார்ப்பதுபோல, ஒவ்வோர் அட்டையாக எடுத்து என் புத்தகத்தின் முதுகில் வைத்துப் பார்த்தேன். நீளம் ஒத்துவந்தால் தடிமன் இடித்தது. "இன்னா பாய், உம் பொண்ணு புக்குக்கு மாப்ள பாத்துகினு கீதா?" என்று மூட்டை தூக்குகிறவர் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. லுங்கியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தான் கிழித்த அட்டைகளின் முகத்தை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மூட்டை காலியானது. எதுவும் பொருந்தவில்லை.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் வந்ததும் அத்தா, "நான் கிழிச்சதுதாம்மா அது" என்றார். அதன்பிறகு அவர் அட்டையைக் கையால் பிய்த்ததில்லை. ஒரு கத்தி வைத்துக்கொண்டு, "கடசித் தாளு ஜாக்கிரத, கடசித் தாளு ஜாக்கிரத" என்று தனக்குத்தானே சொல்லியபடி, மெல்ல அறுத்து எடுப்பார். ஒரு நாள் வேலை இரண்டு நாளானது. அடுத்த மாதம் அக்கா விமானம் ஏறினாள்.

முப்பது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு மாத விடுமுறை, அவ்வளவுதான் அக்கா எங்களுக்கு. அத்தா இல்லை. கடை இருந்த இடத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். போன வருஷம் அம்மா இறந்தபோது அக்காவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. செல்போனில்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் புத்தகம் மட்டும் நூல் கோத்துத் தைத்தபடி என்னிடம் இருக்கிறது. எந்தப் புத்தகத்தையும் போனில் தேடி எடுத்துவிடலாம் என்கிறாள் என் மகள். பெயர் தெரியாததை என்ன சொல்லித் தேடுவது?

போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது கேட்டேவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நெஜமாவே கடைசிப் பக்கத்தப் பாத்தியா?"

அவள் எழுந்துபோய், இரைந்துகொண்டிருந்த ஏசியை அணைத்துவிட்டு வந்தாள்.

"பாத்தேன்டி" என்றாள். "கதவத் தட்டறான். அவன் தங்கச்சி வந்து தொறக்கறா."

சத்தியமா என்று நான் கேட்கவில்லை.