ஆரத்தி ரத்தம்

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் தட்டு சிவந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வசந்தாவின் அலறல்தான் கேட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு கொலைப் படம் எடுத்தார்கள். கையில் காசில்லாத கம்பெனி. அம்மா கரைத்துக் கொடுத்த ஆரத்திதான் ரத்தம்.

"ஆரத்திய தெருவுலதான் ஊத்துவாங்க, நீங்க சுவத்துல ஊத்துறீங்களே!" என்று அம்மா புலம்பினாள்.

கொலையாகும் சிறுமியாக, சுருட்டை முடிக்காக, என் சித்தி மகள் வசந்தாவைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து ரத்தம் தெளிக்கிற வேலை.

மூன்று முறை அலறியும் வசந்தாவுக்குப் பூனைக்குரல்தான் வந்தது. டைரக்டரோ, "இன்னொரு வாட்டி கண்ணு" என்று கொஞ்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காவது முறை, கட்டிலோரம் நின்ற அவள் கணுக்காலை நறுக்கென்று கிள்ளினேன்.

படம் வந்தது. கொலைக்கத்தி அட்டை என்று தெரிந்தது. ரத்தம் ஆரஞ்சு நிறத்தில் வழிந்தது. கொலைகாரன் யாரென்று இடைவேளைக்கு முன்பே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வசந்தா அலறியபோது தியேட்டரே மூச்சடங்கிப் போனது. கிள்ளியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெயர் எனக்கல்லவா வரும்?

இன்று அவள் மகளும் மாப்பிள்ளையும் ஆரத்திக்காக வாசலில் நிற்கிறார்கள். பக்கத்தில் வசந்தா சம்பந்தியம்மாவிடம் சொல்கிறாள்: "அந்தப் படத்துல நான் கத்துனது ஒண்ணுதாங்க உருப்படின்னு ஊரே சொல்லிச்சு. எனக்கு அது தானா வந்துச்சுங்க."

கையில் தட்டு மட்டும் இல்லையென்றால் இன்னொரு முறை கிள்ளியிருப்பேன்.