இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

அம்மன் சன்னிதியில் வைத்து நான் என் மனைவியை ஏமாற்றினேன். ஒரு காருக்காக!

சிரிக்காதீர்கள். டீசலா, பெட்ரோலா என்ற வாக்குவாதத்தில் யாராவது சாமியை இழுப்பார்களா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் இழுப்போம். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று மனம் இரண்டுபட்டால் பூக்கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வந்த பூவே அம்மன் வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

அப்போது வீரபாண்டியில் எங்களுக்கு ஒரு சின்னத் தையல் யூனிட் இருந்தது. அதுவரை ஓடியதெல்லாம் ஒரு மொபெட்தான். பனியன் கட்டுகளை முன்னால் வைத்து, மனைவி கலாமணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு... இல்லை, இங்கேயும் பொய் சொல்லக் கூடாது. பெரும்பாலும் ஓட்டியவள் அவள். பின்னால் உட்கார்ந்தவன் நான்! பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்கள் பாய்ந்து வந்தால் எனக்கு உயிரே போய்விடும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அலட்டாமல் ஒதுங்கிப் போவாள். மதியச் சோற்றுத் தூக்குப்போசி பனியன் கட்டின்மேல் ஆடிக்கொண்டே வரும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை...

ஷோரூமில் இரண்டு வண்டிகள் பார்த்தோம். பெட்ரோல் வண்டி சின்னது. அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள்; கால் எட்டியது. அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

"ஏனுங்க, இதுன்னா நானும் பழகிக்குவேனுங்க. கணியூருக்கு அம்மாவப் பாக்க நானே போயிட்டு வந்துருவேன்."

எல்.எல்.ஆர். கூட எடுத்து வைத்திருந்தாள். நான் கேட்ட டீசல் வண்டியோ நீளம், பாரம். பழகுகிற கைக்கு அது சரிப்படாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பிடிவாதம் பிடித்தேன்.

நமக்கு ரன்னிங் அதிகம், டீசல்தான் கட்டுப்படியாகும் என்றேன். அது பாதி உண்மை. மீதி? கம்பெனி வாசலில் பெரிய வண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற ஆசை. அதற்கும் அடியில் ஒன்று இருந்தது... அவள் என்னைவிட நன்றாக ஓட்டிவிடுவாள் என்ற பயம். இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா?

பேசிப் பேசி அலுத்துப்போய், பூக்கேட்டுவிடலாம் என்று அவளே சொன்னாள். வெள்ளை வந்தால் பெட்ரோல், சிவப்பு வந்தால் டீசல். பொட்டலம் மடிக்கும் வேலை எனக்கு. கோயிலுக்குப் பின்னால் நின்று, இரண்டிலும் செவ்வரளியை வைத்து மடித்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை!

எடுக்கும் முன் அவள் கைகூப்பி, வாய்விட்டே வேண்டினாள்.

"ஆத்தா, வெள்ளை வந்தா நான் வண்டி பழகிக்கறேன். செகப்பு வந்தா இந்த ஆசையே எனக்கு வேண்டாம்னு விட்டர்றேன்."

எந்த வண்டி என்று மட்டும்தான் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ தன் ஆசை முழுவதையும் அந்தப் பொட்டலத்தில் வைத்துவிட்டாள். அப்போதாவது தடுத்திருக்கலாம்... "இரு அம்மிணி, சரியா மடிக்கல" என்று ஒரு வார்த்தை போதுமே! ஏன் சொல்லவில்லை? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எடுத்தாள். பிரித்தாள். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரிங்க, நம்ம ஊட்டுக்கு டீசல்தான்" என்று சிரித்தாள். மற்றதைப் பிரித்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை! நான் அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அந்த வண்டியில் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம், அதுதான் கொடுமை. கணியூர் போகும் வழியெல்லாம் தென்னந்தோப்புக் காற்று. அவள் கடலையை உரித்து என் கையில் போடுவாள். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு வருவாள். இன்ஜின் திணறினால் எனக்கு முன்பே கலாமணிக்குத் தெரிந்துவிடும். "கியரை மாத்துங்க" என்பாள். அவளுடைய இடது கால், இல்லாத கிளட்சை மிதிக்கும். அந்தப் பயணங்களுக்காக நான் இன்னும் ஏங்குகிறேன். ஏங்க எனக்கு என்ன யோக்கியதை?

ஒருமுறை அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் துணி ஏற்றிய வேனோடு சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். கார் வாசலில் நின்றது, சாவியும் வீட்டில்தான் இருந்தது. இவள் பல்லடத்திலும் உடுமலையிலும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். மகள் வராமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று, இடுப்பெலும்பு முறிந்த வலியோடு அந்த அம்மாள் அதுவரை கிடந்தார். இருந்தும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை என் மனைவி.

போன வாரம் மகள் தன் சம்பளத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் கார் வாங்கி வந்தாள். சாவியை அம்மாவிடம் நீட்டினாள்.

"நீ ஓட்டும்மா. நான் சொல்லித் தர்றேன்."

கலாமணி வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்... திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாங் கண்ணு. வண்டி ஓட்டற ஆசை எனக்கு வேண்டாம்னு ஆத்தாளே சொல்லிருச்சு. வேணும்னா அப்பாவைக் கேளு, பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்படிங்களாப்பா?"

"ஆமாங் கண்ணு" என்றேன்.