அத்தான் கட்சி மாறிய கதை

என் அக்காவின் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். இன்னும் கொஞ்சம் வாயைக் கிளறினால் அதற்கு வாலும் கிடையாது என்பார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்ததே பழுது பார்க்கத்தான். மெஷின் சுற்றும்போது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பேரிங் போச்சுங்க," என்றார். அக்கா சமையலறையில் பாட்டுப் போட்டிருந்தாள். அதையும் அங்கே நின்றபடியே கேட்டுவிட்டு, "இது ரெண்டாவது ஆல்பம்தானே? மொத ஆல்பத்துக்குப் பக்கத்துல நிக்க முடியாது இது," என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். அன்றைக்குத் தொடங்கிய சண்டை கல்யாணத்தில் போய் முடிந்தது என்று சொல்லலாம். முடிந்தது என்றும் சொல்ல முடியாது.

அந்தப் பாடகிக்கு எங்கள் வீட்டில் 'மூக்கடைப்பு' என்று பெயர். ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் பாடுவாள். தோளில் ஒரு கிட்டாரோடு தனியாகக் கிளம்பி வந்தவள். இரண்டே ஆல்பம் போட்டாள். இரண்டையும் பத்திரிகைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எது உசத்தி என்பதில்தான் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சிக்கும் தலைமையகம் ஒரே சமையலறை.

முதல் ஆல்பத்தின் பெயர் 'ஈரச் சுவர்'. வாடகை அறையில் உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்தது. ஒரு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான். அவள் மூச்சு இழுப்பது கேட்கும். நாற்காலி முனகுவது கேட்கும். ஒரு பாட்டின் நடுவே பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துவார்கள், அதையும் அழிக்காமல் விட்டிருப்பாள். ஒருவனை விட்டுப் போக முடிவு செய்துவிட்டு அவனிடம் இன்னும் சொல்லாத பெண்ணின் பாட்டுகள் அவை. இரண்டாவது ஆல்பம், 'எல்லாரும் உள்ளே வாங்க'. டிரம்ஸ், வயலின், டிரம்பெட், பின்பாட்டுக்கு ஒரு கும்பல். விட்டுப் போனவள் திரும்பி வந்து, ஜன்னலை எல்லாம் திறந்து போட்டு, தெருவில் போகிறவர்களைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி இருக்கும்.

"மொத ஆல்பத்துல அவ என்கிட்ட பேசறா. ரெண்டாவதுல கூட்டத்துக்கிட்ட பேசறா. கூட்டத்துல நான் எதுக்கு?" என்பார் அத்தான்.

"மொத ஆல்பத்துல அவ யார்கிட்டயும் பேசல. சுவத்துக்கிட்ட பேசறா. துக்கத்தைத் தனியா உக்காந்து நக்கிக்கிட்டிருக்கிறது ஒரு பெரிய கலையா? நாலு பேரை உள்ள கூப்பிட்டுச் சந்தோஷமா பாடறதுதான் கஷ்டம்," என்பாள் அக்கா.

என்னைக் கேட்டால் அக்கா சொல்வதுதான் சரி. ஆனாலும் சில நாள் வேனில் தனியாகப் போகும்போது என் கை தானாக முதல் ஆல்பத்தைத்தான் போடுகிறது. இதை அக்காவிடம் சொன்னதில்லை. எனக்கும் சோறு அங்கேதான்.

கீழே அத்தானின் பட்டறை, மேலே அவர்கள் வீடு. பட்டறையில் பிரித்துப் போட்ட மெஷின்கள் வரிசையாக வாய் பிளந்து நிற்கும். நான் வேன் ஓட்டுவேன், தூக்குவேன், திட்டு வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மேலே போய், அந்த இரண்டு பேரும் துணி மடிப்பதை வேடிக்கை பார்ப்பேன். அந்த வீட்டு வழக்கம் அது. வாரத் துணியெல்லாம் கட்டிலில் மலையாகக் கிடக்கும். ஒரு வாரம் அவர் ஆல்பம், ஒரு வாரம் அவள் ஆல்பம். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் இல்லையா? ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். மடிக்க மடிக்கக் கிட்டே வருவார்கள். கடைசி மடிப்பில் மூக்கோடு மூக்கு நின்று முறைப்பார்கள். அக்காவுக்கு ஒரு குணம். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ஆகக் கூர்மையான வார்த்தையை அந்தக் கடைசி மடிப்பில், முணுமுணுப்பாகத்தான் சொல்வாள். அத்தான் வாய்விட்டுச் சிரிப்பார். இதைப் பார்க்க டிக்கெட் போட்டாலும் வாங்கிக்கொண்டு போவேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானின் முறை. அவர் எழுந்து போய் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டார்.

"என்ன, கை தவறிப் போட்டுட்டீங்களா?" என்றாள் அக்கா.

"இல்ல. யோசிச்சுப் பாத்தா இதுதான் நல்லா இருக்கு. நீ சொன்னது சரிதான்," என்றார்.

அக்கா பிடித்திருந்த விரிப்பின் முனையைக் கீழே விட்டுவிட்டாள்.

வேறு வீடாக இருந்தால் இதைக் கொண்டாடியிருப்பார்கள். அக்கா மறுநாள் காலை பட்டறைக்கு இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுடா. நான் என்ன சொன்னாலும் 'சரி'ங்கறாரு. ஒரு மாசமா எல்லாத்துக்கும் 'சரி'. பாட்டு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதுக்கும் 'சரி'ன்னுட்டாரு."

"நல்லதுதானேக்கா?"

"நம்ம அப்பாவும் அம்மாகிட்ட 'சரி, சரி'ன்னுதான் ஆரம்பிச்சாரு. மறந்துட்டியா? அதுக்கப்பறம் அந்த வீட்டுல ரெண்டு பேரும் பேசி நீ கேட்டிருக்கியா?"

நான் கேட்டதில்லை. அம்மா ஒரு அறையில், அப்பா ஒரு அறையில், நடுவில் நாங்கள் இரண்டு பேரும் சேதி கொண்டு போவோம். அக்காவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்த வீடுதான். தன் வீடும் அப்படி அடங்கிப் போய்விடுமோ என்று பயந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூடவேதானே சுத்தறே, என்னன்னு பாரு," என்று எனக்கு உளவு வேலை கொடுத்துவிட்டு மேலே போனாள்.

வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது எனக்கு. வேறு பெண்ணாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். பிறகு அவருடைய வயிற்றையும் கிரீஸ் அப்பிய சட்டையையும் பார்த்து அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

அந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போனோம். மெஷின் போட்ட கூச்சலில் வீட்டுக்கார அம்மா காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கே போய்விட்டாள். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின் மேல் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மெலிதான சத்தத்தைப் பிடிக்க மெக்கானிக்குகள் செய்கிற வேலை அது. இந்தக் கூச்சலுக்கு எதற்கு? வாசலில் நின்றே பேரிங் போச்சு என்று சொன்ன மனிதர் இவர்.

திரும்பும்போது அத்தானே வேனை ஓட்டினார். நான் 'ஈரச் சுவர்' போட்டேன். விரலால் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு தலையாட்டினார். சந்தேகம் தாங்காமல், அவர் பார்க்காதபோது சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். தலையாட்டல் நிற்கவில்லை. தாளமும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பாரு மாப்ள, கதவு சாத்துவாங்க," என்றார்.

வேனில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க அத்தான்," என்று கத்தினேன். நிறுத்தினார். சத்தப் பொத்தானைக் காட்டினேன். கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"கொஞ்சங் கொஞ்சமா. மெஷினுக்குள்ள தலைய விட்டு விட்டே போயிடுச்சு போல. ரெண்டாவது ஆல்பத்துல டிரம்ஸாவது நெஞ்சுல இடிக்குது. மொத ஆல்பம் இப்ப எனக்கு மனசுக்குள்ளதான் ஓடுது."

"அக்காகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உங்க அக்கா கோவம் வந்தா எப்படிப் பேசுவா? நல்ல நல்ல வார்த்தையெல்லாம் கடைசியில மெதுவா சொல்லுவா. அது ஒண்ணுமே இப்ப காதுல விழல. ஒவ்வொண்ணுக்கும் 'என்ன, என்ன'ன்னு கேட்டா அது சண்டையா? விசாரணை. அதான் 'சரி'ன்னுட்டேன்." பிறகு என் கையைப் பிடித்தார். "சொல்லிடாத. அப்பறம் அவ பாவம்னு விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிடுவா. என்னால தாங்க முடியாது."

சத்தியம் செய்து கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறிப் போய் அக்காவிடம் அப்படியே கொட்டிவிட்டேன். அங்கே ஒருத்தி தினமும் அழுதுகொண்டிருக்கும்போது இங்கே ஒருத்தர் சத்தியம் கேட்டால் நான் என்ன செய்வது?

அக்கா முதலில், "அவ்வளவுதானா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது. அத்தான் படியேறி வரும் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவப் போய்விட்டாள். அன்றைக்கு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா முறை. அவள் போய் முதல் ஆல்பத்தைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டவில்லை. விரிப்பின் தன் முனையோடு நேராக நடந்து வந்து, அத்தானின் காதில் வாயை வைத்து, அந்த முதல் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். பாடினாள் என்று சொல்வது அந்தப் பாட்டுக்குச் செய்கிற அநியாயம். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனால் ஒரு வார்த்தை தவறவில்லை. "இங்க மூச்சு இழுக்கறா!" என்று கத்திவிட்டுத் தானும் இழுத்தாள். நாற்காலி முனகுவதை வாயாலேயே செய்தாள்.

"நாற்காலி இங்க இல்ல, அடுத்த வரியில," என்றார் அத்தான். சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அவனை ஏன் பாக்கறீங்க? நாற்காலி இங்கதான்! நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் நான் கத்தறேன், நீங்க கேளுங்க. இனிமே ஒரு தடவை 'சரி'ன்னு சொன்னீங்க, கொன்னுடுவேன்."

அத்தானின் கண் நிறைந்துவிட்டது. விரிப்பின் முனையால் துடைத்துக்கொண்டார்.

"உனக்குத்தான் இந்த ஆல்பமே பிடிக்காதே. எப்படி இவ்வளவும் மனப்பாடமா தெரியும்?"

"இப்பவும் பிடிக்காதுதான்," என்று அவர் காதுக்குள் கத்தினாள் அக்கா. "உங்களோட சண்டை போடணும்னா தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டாமா?"