அத்தை உட்காராத பஸ்

விசேஷ வீடுகளுக்கே போவதை நிறுத்திவிட்ட என் அத்தையை, போன தையில் கோவைக் கல்யாணத்துக்கு நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். காங்கேயத்தில் பஸ் ஏறியதும் என் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். அத்தை உட்காரவில்லை.

"முட்டி மடங்காது கண்ணு."

காலையில் தரையில் உட்கார்ந்து பூக் கட்டியவர்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

பல்லடத்தில் பாதி பஸ் காலியானது. "ஏனுங்கம்மா, நின்னுட்டே வாரேன்னு வேண்டுதலுங்களா?" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அத்தை என் காதருகே குனிந்தார்.

"பஸ்ஸு குலுங்குனா என்னையறியாம ஒண்ணுக்குப் போயிருது அம்மணி. உக்காந்தா சீட்டு நனைஞ்சுபோயிரும். சத்தம் போடாத."

சட்டென்று எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். பெரிய உதவி என்ற நினைப்பு எனக்கு.

"நீயும் நின்னா எல்லாரும் நம்மளத்தான் பாப்பாங்க. உக்காரு."

உட்கார்ந்தேன். மாற்றுச் சேலை இருந்த பையை என் மடியில் வைத்தார். கோவை வரும்வரை அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன்.

இப்போதும் பஸ்ஸில் யாராவது வயதானவர் நின்றால், உட்காரச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன். அது சரிதானா என்றும் தெரியவில்லை.