செண்டுமல்லி வந்த தடம்

செண்டுமல்லிக்குப் பயப்படுகிறவள் இந்தக் கோயமுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆயுத பூஜைக்குக் காருக்கு மாலை வாங்கி வந்தால் என் வீட்டுக்காரர் அதை வாசல் கேட்டோடு நிறுத்திவிடுவார். பேய்க்குப் பயப்படுகிற பெண்டாட்டி ஊரில் எல்லோருக்கும் உண்டு, பூவுக்குப் பயப்படுகிறவள் எனக்குத்தான் வாய்த்தாள் என்று சிரிப்பார். வாசனை ஒத்துக்கொள்வதில்லை என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது பாதி உண்மை.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது முழுக்கத் தென்னை. எனக்கு ஏழு வயதாகும் வரை அப்பா அங்கே ஒரு கம்பெனிக்காகச் செண்டுமல்லி போட்டார். விதையை அவர்களே கொடுத்து, பூவை மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பூ சாமிக்கும் போகாது, சாவுக்கும் போகாது. சாயம் பிழிந்து கோழித் தீவனத்தில் கலப்பார்களாம், முட்டைக் கரு நல்ல மஞ்சளாக இருப்பதற்கு. கோவில் வாசலில் விற்கிற பூவைவிட அது அடர்ந்த நிறம். தூரத்திலிருந்தே கம்பெனிப் பூ என்று தெரிந்துவிடும்.

அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டான். பச்சைப் பிள்ளைகளை எரிக்கிற வழக்கமில்லை. தோட்டத்துக் கடைசியில் ஓடுகிற ஓடைப் பள்ளத்தின் கரையில், வேப்ப மரத்தடியில் புதைத்தார்கள். மாலை வாங்க யாரும் ஊருக்குள் போகவில்லை. அப்பா பூக்காட்டில் நின்ற பூவையே பறித்துக் கோத்து, குழிக்குள் பாதியும் மேலே பாதியுமாகப் போட்டார். அந்தப் போகத்தோடு செண்டுமல்லியை விட்டுவிட்டுத் தென்னம்பிள்ளை வைத்தார்.

மறுவருஷமே இன்னொரு தம்பி பிறந்தான். வீடே அவனைக் கையில் வைத்துத் தாங்கியது, அம்மாவைத் தவிர. பால் கொடுப்பாள், துடைத்து விடுவாள், தொட்டிலில் போடுவாள், அவ்வளவுதான். உச்சி வெயிலில் எல்லோரும் கண் அசரும் நேரம் பார்த்துப் பள்ளத்துக்குப் போய்விடுவாள். தொட்டிலில் கிடப்பவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வான். அவனை ஆட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அம்மாவுக்கு ஒத்தாசையாக என் அத்தை, அப்பாவின் அக்கா, மாதத்துக்கு ஒரு நடை வந்துபோவார். போத்தனூரில் ரயில்வே குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவர். செடி என்றால் அவருக்குத் தொட்டியில் வைத்த துளசி மட்டும்தான். ஒரு மத்தியானம் என்னைக் கூட்டிக்கொண்டு அம்மாவைத் தேடிப் பள்ளத்துக்குப் போனார். குழிமேட்டின் மேல் கம்பெனிப் பூ கொத்தாகப் பூத்து நின்றது. யாரும் விதைக்கவில்லை. அம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதப் புடுங்கிப்போடோணும் அம்மணி. நல்லதுக்கில்ல” என்றார் அத்தை.

“பூத்திருக்கறதப் புடுங்கக் கூடாதுங்க. காயட்டும். நானே புடுங்கிப்போடறேன்” என்றாள் அம்மா.

சொன்னபடியே செய்தாள். பூவெல்லாம் காய்ந்து தவிட்டு நிறமான பிறகு, வேரோடு பிடுங்கி, தலை கீழே வருமாறு கயிற்றில் கட்டி, வண்டித்தடத்தின் வழியே தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலைத் தாண்டி, மாட்டுச்சாளைக்குப் பின்னால் இருக்கும் குப்பைக்குழியில் போட்டால்தான் மக்கும் என்றாள். அத்தை என் கையில் ஒரு புளிய விளாறைக் கொடுத்தார். பேயோட்டுவதற்கு அதுதான் வாகு. கட்டுக்குப் பின்னாலேயே போய் அடித்துக்கொண்டு வா, அப்போதுதான் எதுவும் தொற்றிக்கொண்டு வராது என்றார். நான் வெளுத்து வாங்கினேன். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

எங்கள் பக்கம் வருஷத்துக்கு இரண்டு மழை. அடுத்த மழைக்கு வண்டித்தடத்தில் பாதி தூரம் வரை செண்டுமல்லி முளைத்தது.

தடத்தின் இரு பக்கமும் புல் பூண்டு அத்தனையையும் வெள்ளாடுகள் மொட்டையடித்திருந்தன. அந்தச் செடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின. அதனால் அது தனியாக, வரிசையாக, வீட்டைப் பார்த்து நின்றது. பள்ளிக்கூட வேன் என்னை ரோட்டில் இறக்கிவிட்டால் அந்தத் தடத்தின் முனையைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். செடிகள் என் முழங்காலுக்கு மேல் வந்தன. போன தம்பி இருந்திருந்தால் அந்த வருஷம் எழுந்து நின்றிருக்க வேண்டிய உயரம் அது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பாமல் ஓடுவேன்.

அத்தை அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. “பால் வாசம் புடிச்சு வருது தம்பி. ஊட்டுல கைப்பிள்ளை இருக்குது, பாத்துக்கோ.” அப்பா தலையை ஆட்டினார். வந்தால் இவனை என்ன செய்யும் என்று அத்தை சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் நானே நினைத்துக்கொண்டேன். இவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டுவிட்டு, அது தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் புளிய விளாறும் கையுமாக நான்தான் காவல். ஒரு பூக்கூட இல்லாத வீட்டுக்குள் அந்தக் காரமான வாசம் வரும். தம்பி சில சமயம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பான். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நான் விளாறால் ஜன்னல் கம்பியை அடிப்பேன்.

இரண்டாவது முறையும் காய விட்டு, பிடுங்கி, இழுத்தாள் அம்மா. நான் இன்னும் பலமாக அடித்தேன். அதற்கடுத்த மழைக்குச் செடி வீட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை வந்துவிட்டது. பேயோடு மல்லுக்கட்டுகிற அம்மாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் அவளும் நானும்தான் சண்டை போடுகிறோம், மற்றவர்கள் பேச்சோடு சரி என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது முறைக்குப் பிறகு அது வாசலுக்கே வந்தது. ஒற்றைச் செடி, தொட்டில் கட்டியிருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. அப்பா வழக்கமாக மொபெட்டை நிறுத்துகிற இடம். நான் அழுதுகொண்டே ஓடிப்போய், அது வீட்டுக்கே வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா குனிந்து செடியைப் பார்த்தார். “வந்தா வந்துட்டுப் போகுது கண்ணு” என்றார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்ப் புளிய மரத்தடியில் நிறுத்தினார். செடியைச் சுற்றி மூன்று செங்கல்லை அணைவாக வைத்துவிட்டு, கை கழுவிச் சாப்பிடப் போனார். அவரும் பயந்து தோற்றுப்போனார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அத்தை பிடுங்கச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றாள். முதல் பூ விரிந்த அன்று அதைப் பறித்துத் தொட்டில் கயிற்றில் செருகினாள். நான் கத்திவிட்டேன். அவள் காதில் வாங்காமல் தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, வெகு நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இனி நான் பள்ளத்துக்குப் போகோணும்னு இல்லீங்க” என்றாள் அத்தையிடம். அதன் பிறகு போகவும் இல்லை. அத்தை மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

நான் மட்டும் ரொம்ப நாள் நம்பவில்லை. தொட்டிலில் கிடப்பது இவன்தானா, செத்துப்போனவனா என்று அவன் காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தை அடிக்கடி பார்த்துக்கொள்வேன். அந்த மச்சக்காரன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் தொப்பை போட்டுவிட்டான்.

செண்டுமல்லிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ என்று பின்னால் படித்தேன். அங்கே செத்தவர்களுக்கான பண்டிகையில், போனவர்கள் வழி தவறாமல் வர வேண்டும் என்று கல்லறையிலிருந்து வீட்டு வாசல் வரை இந்தப் பூவைத்தான் தூவுவார்களாம். அம்மா உடுமலைக்கு அந்தப் பக்கம் போனவள் இல்லை. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

காய்ந்த பூவைத் தலைகீழாகக் கட்டித் தரையோடு இழுத்தால் வழியெல்லாம் விதை உதிரும். விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்கு அது தெரியும். ஏக்கர் கணக்கில் பூ போட்ட அப்பாவுக்கும் தெரியும். எள்ளும் கொள்ளும் எடுக்கக் காய்ந்த செடியை எப்படி அடிக்கிறோமோ, அப்படித்தான் நான் அந்தக் கட்டின் மேல் அடித்துக்கொண்டு வந்தேன். வராதே வராதே என்று சொல்லிச் சொல்லி, பள்ளத்திலிருந்து வீடு வரைக்கும் அவனை விதைத்துக்கொண்டு வந்தது என் கை.

ஒரு தடவை எதிரே வந்த அப்பா, ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பதைப் பார்த்துவிட்டு, “மெதுவா அடி அம்மணி” என்றார். எனக்குக் கை வலிக்கும் என்று சொல்கிறார் போல என்று நினைத்து, இன்னும் ஓங்கி அடித்தேன்.