நூற்று நாற்பத்தைந்து முதல் நூற்று அறுபது வரை

அவரை ‘அவர்’ என்று எழுதுவது பழக்கத்தால்தான், மரியாதையால் அல்ல. ஸ்பானிய நாவல்களைப் பற்றிப் பேச எங்கள் பக்கத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் இருந்தேன். பாகூரில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் குடும்பத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவரின் மகன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம், இரண்டாம் போருக்குச் சில வருடங்கள் முன்பு. அவர் பாரிசுக்குச் சட்டம் படிக்கப் போய், படித்து முடிக்காமல், முடித்தவரின் மிடுக்கோடு திரும்பியிருந்தார். புதுவையில் வந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் ஸ்பானிய நாவலாசிரியர்களைப் பற்றி எழுதுவார். ஒருவர் மண்ணைச் சேர்ந்தவர், இன்னொருவர் நகரத்தைச் சேர்ந்தவர், மூன்றாமவர் எதிலும் சேராதவர் என்று கரும்பைக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றுவதுபோல ஏற்றிவிடுவார். எந்த நாவலில் யார் அழுதார்கள், எதற்காக அழுதார்கள் என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்குமே ஸ்பானிய மொழி தெரியாது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் படித்தோம். நான் அதை என் கட்டுரையின் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டுரைக்கு நான்கு வருடம் உழைத்தேன். ஒரே ஒரு நாவலைப் பற்றியது. ஸ்பெயினின் தெற்கே, மழை பார்க்காத ஒரு ஊரில் ஒரு குத்தகைக்காரர். பண்ணை வீட்டுக்கு வேலைக்குப் போன அவர் மகளுக்கு அங்கே கெடுதல் நடக்கிறது. அவர் நியாயம் கேட்கப் பண்ணை வீட்டுப் படியேறுகிறார். அங்கே பதினாறு பக்கம் பேசுகிறார், அழுகிறார், சபிக்கிறார். என் கட்டுரை எழுபது தாள். அதில் முப்பது தாள் அந்தப் பதினாறு பக்கத்தைப் பற்றி. உழுகிறவன் வாய் திறந்து பேசிய இடம் உலக நாவல்களிலேயே இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தேன். அதுவரை நான் படித்திருந்த நாவல்கள் பன்னிரண்டோ பதின்மூன்றோ.

வில்லியனூரில் நாங்கள் சிலர் கூடும் படிப்பகம் ஒன்று இருந்தது. அவர்தான் அதற்குத் தலைவர். கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் எல்லார் முன்னாலும் திருப்பித் தந்தார்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்குது, வாத்தியாரே. பசங்களுக்கு எழுதிப் போட உதவும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பாகூர் வரும்வரை சைக்கிளில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அவர் அதைப் படிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கையில் அத்தாட்சி இல்லை.

அத்தாட்சி பைண்டரிடமிருந்து வந்தது. அப்போது பிரான்சிலிருந்து வரும் புத்தகங்கள் வெறும் தாள் அட்டையோடு, ஓரம் வெட்டாமல் வரும். கத்தி வைத்து நாமே பக்கங்களைப் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டு முறை படித்தால் நூல் விட்டுப்போகும். பிறகு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, காலிகோத் துணி அட்டை போட்டுக்கொள்வோம். வில்லியனூர்க் கடைத்தெருவில் இருந்த பைண்டருக்குப் பத்திரப் பதிவேடுகளைக் கட்டித்தான் பழக்கம். பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. அந்த நாவலை அவரிடம் கட்டக் கொடுத்து வாங்கி வந்தேன். அடுத்த வாரம் வழியில் என்னை நிறுத்தி, மடித்த தாள்கட்டு ஒன்றைக் கொடுத்தார்.

“உங்க புத்தகத்துதான்னு நெனைக்கிறேன். பசைப் பலகைக்கு அடியில கெடந்துச்சு. பிரிச்சுத் தெச்சிக் குடுத்துடட்டுமா?”

ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பதினாறு பக்கம், அச்சுத் தொழிலில் ‘பாரம்’ என்பார்கள். நூற்று நாற்பத்தைந்து முதல் நூற்று அறுபது வரை. குத்தகைக்காரர் பேசும் அதே பக்கங்கள். பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

தைக்குமுன்னே பெரிய வீட்டிலிருந்து, அவர் வீட்டை அப்படித்தான் சொல்வோம், ஆள் வந்து நின்றார். முசியே, அங்கே அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அந்த நாவலைக் கேட்கிறாராம். நகரத்துக் கல்லூரியிலிருந்து பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர் படிப்பகத்துக்கு வருகிறார், ஸ்பானிய நாவலைப் பற்றி இங்கே எழுதப்பட்டதில் ஒரு கட்டுரையைப் பாரிசுக்கு அனுப்பப் போகிறார் என்று பேச்சு இருந்தது. எனக்கும் அந்த ஆசைதான். நான்கு வருடமும் அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

கூட்டத்தன்று படிப்பகம் நிறைந்திருந்தது. பேராசிரியர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சட்டைக்குள் பாரத்தையும், மடியில் கட்டுரையையும் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தேன். படிப்பகத் தலைவர் என்ற முறையில் அவர் பிரெஞ்சில் ஒரு மணி நேரம் பேசினார். புதிய ஸ்பானிய நாவலின் உயிரே சொல்லாமல் விடுவதில் இருக்கிறதாம். இதோ, ஒரு தகப்பன் பண்ணை வீட்டுப் படியேறுகிறான். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் தன் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருக்கிறான். நடுவில் என்ன நடந்தது என்று ஆசிரியர் ஒரு சொல் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மௌனம், எவ்வளவு துணிச்சல்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்றாம் ஆள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நூற்று நாற்பத்து நான்காம் பக்கம் முற்றுப்புள்ளியோடு முடிகிறது, நூற்று அறுபத்தொன்றில் புது அத்தியாயம் தொடங்குகிறது, அதனால் கண்ணில் படவில்லை. பக்க எண்ணைக்கூடவா பார்க்க மாட்டார் ஒரு ஆய்வாளர்? என் கட்டுரையில் கிட்டத்தட்டப் பாதியை அந்தப் பக்கங்களுக்கே எழுதியிருந்தேன். அதை ஒரு தரம் புரட்டியிருந்தாலே இந்தக் குழியில் விழுந்திருக்க மாட்டார்.

எழுந்து நின்றேன். பிரெஞ்சில், குரல் நடுங்காமல் சொன்னேன். அது மௌனம் இல்லை, பைண்டர் விட்ட பாரம். இதோ இருக்கிறது. கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பேராசிரியர் எடுத்துப் பார்த்தார். பேசி நின்றவர் முகம் சிவந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு எப்படி இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பேராசிரியரிடமிருந்து அவர் பாரத்தை வாங்கி நின்றபடியே ஐந்தாறு பக்கம் படித்தார். கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். பிறகு மடித்து, புத்தகத்தோடு சேர்த்து என் பக்கம் நீட்டினார்.

“இது இல்லாமலே நல்லா இருக்குதே, வாத்தியாரே. எழுதினவருக்குத் தெரியாதது உங்க பைண்டருக்குத் தெரிஞ்சிருக்குது.”

அதையே பிரெஞ்சில் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய வீட்டு மகனின் கட்டுரைதான் பாரிசுக்குப் போயிற்று. பைண்டர் கதையையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். என் கட்டுரையை யாரும் கேட்கவில்லை. மடியிலேயே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. அவர் உளறினார் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள, நாவலை அந்தப் பக்கங்கள் இல்லாமல் முதல்முறையாகப் படித்தேன். படியேறினார், கை கழுவினார். அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி மறுபடி படித்தேன். பிறகு பாரத்தைச் சேர்த்துப் படித்தேன். குத்தகைக்காரர் பக்கம் பக்கமாக வானத்தைக் கூப்பிட்டார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், பண்ணையார் பதிலுக்கு நியாயம் பேசினார். நாடக மேடைபோல இருந்தது. இத்தனை வருடம் எனக்கு அது தெரியவில்லை.

அப்பா அப்போதுதான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்தார். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்: வரச்சொல்லித் தாக்கல் வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். ஒருமுறை மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

“பெரிய வூட்டுக்குக் கூப்பிட்டா போவியே பா, அங்க இன்னா பேசுவ?”

அப்பா தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கினார்.

“அங்க போயி பேசறதுக்கு இன்னாடா இருக்குது?”

சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார். நான்கு வருடம் உட்கார்ந்து முப்பது தாள் எழுதியவன் நான். என் வீட்டில் இருந்த மௌனத்தைப் பெரிய வீட்டு மகன் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது, அதுவும் தெரியாத்தனமாக. அவர் சொன்னது சரி என்று அவரிடமோ வேறு யாரிடமோ நான் இன்றுவரை சொன்னதில்லை.